திறந்த கதவுக்கு அடியில் வெளிச்சம்: இரட்டைக் கதவு கராஜின் கூரையும் விளக்கும்

கராஜில் கூரை போடும்போது நடக்கும் பெரிய தவறு, கதவை மூடி வைத்துக்கொண்டு விளக்குக்கு இடம் குறிப்பது. மூடியிருக்கும்போது கூரை முழுவதும் காலியாகத் தெரியும். நூல் அடித்து, சமமாகப் பிரித்து, ஆறு விளக்கு மாட்டினால் அழகாகவும் இருக்கும். கதவு மேலே ஏறியதும் அந்த ஆறில் பாதி கதவின் முதுகில்தான் வெளிச்சம் அடிக்கும். கீழே தரையில் இருட்டு. மடிப்பு மடிப்பாக மேலேறி, கூரைக்குக் கீழே டிராக்கில் படுத்துக்கொள்ளும் செக்‌ஷனல் கதவு உள்ள எந்தக் கராஜிலும் இதுதான் கதை. திறந்த கதவுதான் அந்தப் பகுதிக்குக் கூரை. அதை ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கினால் மற்றவை சுலபம்.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்ட அறையின் அளவு: அகலம் 6.2 மீ., ஆழம் 6.4 மீ., கான்கிரீட் ஸ்லாபின் அடிமட்டம் தரையிலிருந்து 2.95 மீ. முன்சுவரில் 2.5 மீ. அகலம், 2.15 மீ. உயரத்தில் இரண்டு கதவுகள். இடது ஓரம் 0.4 மீ., நடுத்தூண் 0.4 மீ., வலது ஓரம் 0.4 மீ. கதவுகளுக்கு மேலே முறுக்கு ஸ்பிரிங் கொண்ட தண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்டவாளத்தில் ஓடும் மோட்டார். ஸ்லாபின் அடியில் குழாய்களும் பழைய வயர்களும் ஓடுவதால் ஜிப்சம் போர்டில் தட்டையான ஃபால்ஸ் சீலிங்.

முதலில் உயரம்

சீலிங் எவ்வளவு கீழே வரலாம் என்பதைக் கதவுதான் தீர்மானிக்கும். 300 மி.மீ. வளைவு ஆரம் கொண்ட டிராக்குக்கு, வாசலின் மேல்விளிம்புக்கு மேலே சுமார் 300 முதல் 350 மி.மீ. தேவை. ஸ்பிரிங் தண்டும், வளைவில் திரும்பும்போது எழும்பும் மேல்பலகையும் அந்த இடத்துக்குள்தான் இயங்கும். மோட்டாரின் தண்டவாளத்துக்கு இன்னும் 75 மி.மீ. ஆக 2.15 + 0.35 + 0.075 = 2.575 மீ. தொங்கல், மட்டப் பிசகு, பின்னாளில் ரோலர் (டிராக்கில் உருளும் சக்கரம்) மாற்றும்போது கை நுழைய இடம் எல்லாவற்றுக்கும் குறைந்தது 50 மி.மீ. சேர்த்தால் 2.625. இங்கே சீலிங்கின் அடிமட்டம் 2.70 மீ. என்று வைத்தாயிற்று. மேலே 250 மி.மீ. மிச்சம், வயர் ஓடும் கண்டூட் பைப்புக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்கும் அது தாராளம்.

புத்தகக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். மேல்பலகையின் உச்சி விளிம்பில் இரண்டு மூலையிலும் நடுவிலும் மெல்லிய அட்டைத் துண்டை 80 மி.மீ. நீட்டி ஒட்டி, மோட்டார் இணைப்பை விடுவித்து, கதவைக் கையால் மெதுவாக ஏற்றி இறக்கினால் அது எழும்பும் உச்ச உயரம் கண்ணெதிரே தெரியும். அந்த உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளவும். திறந்த நிலையில் கதவின் பின்விளிம்பு எங்கே நிற்கிறது என்பதையும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறிக்கவும். 2.15 மீ. கதவுக்கு அது முன்சுவரிலிருந்து ஏறத்தாழ 2.6 மீ. தள்ளி வரும். மோட்டார் பெட்டி இன்னும் பின்னால், சுமார் 3.2 மீ. தொலைவில் தொங்கும். தரையில் சாக்பீஸால் இரண்டு கதவுகளின் நிழலையும் செவ்வகமாக வரைந்துவிட்டால், அந்தச் செவ்வகங்களுக்கு மேலே இருக்கும் கூரையில் விளக்கே கிடையாது. இந்த வேலையின் வரைபடம் முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கிறது.

கதவுக்கு மேலே கூரையைப் படிப்படியாக இறக்குவது, ஓரத்தில் பள்ளம் விட்டு உள்ளே எல்.இ.டி. நாடா ஒட்டுவது போன்ற அலங்காரங்கள் வரவேற்பறைக்குப் பொருந்தும். இங்கே ஒவ்வொரு படியும் கதவின் உச்ச உயரத்தில் ஒரு மோதல் புள்ளி, ஒவ்வொரு பள்ளமும் தூசி சேரும் மூலை. ஒரே மட்டத்தில் தட்டையான வெள்ளைக் கூரைதான் என் தேர்வு.

டிராக்கை உயர்த்தி, கதவு சுவரோடு கொஞ்சம் மேலேறிய பிறகு திரும்பும்படி செய்யும் ஏற்பாடும் உண்டு. அதற்கு கேபிள் சுற்றும் டிரம், கேபிள், ஸ்பிரிங் மூன்றும் மாற வேண்டும். நடுத் தண்டவாள மோட்டாருக்குப் பதிலாகத் தண்டின் பக்கவாட்டில் பொருத்தும் மோட்டாரும் வேண்டும். கூரை 3.2 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்தச் செலவுக்குப் பலன் தெரியும். 2.70 மீ. கூரையில் கிடைக்கும் லாபம் ஒரு கையளவு. இங்கே அது வேண்டாம் என்று விட்டாயிற்று.

வெளிச்சக் கணக்கு

விளக்கு தரும் ஒளியின் அலகு லூமன்; ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்தான் லக்ஸ். வண்டி நிறுத்தி எடுக்க 100 லக்ஸ் போதும். பானெட்டைத் திறந்து பார்க்க, சாமான் எடுக்க 300 வேண்டும். வேலை மேசைக்கு 500. அறையை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும்: கதவின் நிழல் விழும் முன்பகுதி 6.2 × 2.6 = 16.1 சதுர மீட்டர். திறந்தே இருக்கும் பின்பகுதி 6.2 × 3.8 = 23.6 சதுர மீட்டர்.

விளக்கிலிருந்து புறப்படும் லூமன் அத்தனையும் தரைக்கு வராது. பின்பகுதியில் வெள்ளைக் கூரை, வெளிர் சுவர் என்றால் 55 சதவீதம் பயன்படும் என்று வைக்கலாம். முன்பகுதியில் விளக்குகள் சுவரோடு ஒட்டி இருப்பதால் 40 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தூசிக்கும் வயதுக்குமாக இரண்டிலும் 0.8-ஆல் பெருக்கிக்கொள்ளவும்.

பின்பகுதி: 1200 மி.மீ. நீளம், 30 வாட், 3000 லூமன் எல்.இ.டி. பேட்டன் (குழல்போல நீண்ட விளக்கு) ஆறு. 18,000 × 0.55 × 0.8 ÷ 23.6 = ஏறத்தாழ 336 லக்ஸ். முன்பகுதி: 1200 மி.மீ., 20 வாட், 2000 லூமன் ஆறு. 12,000 × 0.4 × 0.8 ÷ 16.1 = ஏறத்தாழ 238 லக்ஸ். மேசைக்கு மேலே அலமாரியின் அடியில் 20 வாட் இரண்டு. மொத்தம் 340 வாட். 230 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர்.

விளக்கு வாங்கும்போது வாட்டைப் பார்த்து வாங்க வேண்டாம், பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமனைப் பார்க்கவும். 30 வாட் என்று சொல்லி 2400 லூமன் தருவதும் உண்டு, 3600 தருவதும் உண்டு. நிறம் 4000 கெல்வின் போதும். வயர் நிறம், பெயின்ட் நிறம் பிரித்துப் பார்க்கும் வேலை இருந்தால் நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் உள்ளதாக மேசை விளக்குகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எல்லாமே பால்நிற மூடி போட்டு, தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும் ஐ.பி. 54 அல்லது 65 வகையாக இருக்கட்டும். கதவு திறந்திருக்கும்போது சாரல் உள்ளே வரும் என்பதை மறக்கக் கூடாது.

விளக்கு எங்கே?

வண்டிக்கு நேர் மேலே விளக்கு மாட்டினால் வண்டியின் கூரைதான் பளபளக்கும். நமக்கு வெளிச்சம் வேண்டிய இடம் வண்டியின் பக்கவாட்டு. அதனால் மூன்று வரிசை: இடது ஓரம், நடு, வலது ஓரம். மூன்றும் வண்டியின் நீளவாட்டில், முன்னிருந்து பின்வரை ஓடும்.

பின்பகுதியில் இது சுலபம். ஓர வரிசைகள் சுவரிலிருந்து 0.6 மீ. தள்ளி, நடு வரிசை 3.1 மீட்டரில். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பேட்டன். முதலாவது முன்சுவரிலிருந்து 3.1 மீட்டரில் தொடங்கி 4.3-இல் முடியும், இரண்டாவது 4.9-இல் தொடங்கி 6.1-இல் முடியும். மோட்டார்கள் இரண்டும் கதவுகளின் மையக்கோட்டில், அதாவது இடது சுவரிலிருந்து 1.65 மீ., 4.55 மீட்டரில் தொங்குவதால் இந்த வரிசைகளோடு மோதாது.

முன்பகுதிதான் யோசிக்க வைக்கும் இடம். நடுத்தூணின் நேர்கோட்டில், இரண்டு கதவுகளின் டிராக்குகளுக்கு இடையே 400 மி.மீட்டரில் டிராக்குக்கு இருபுறமும் 80 போக 240 மி.மீ. காலி இருக்கிறது. ‘இங்கே கூரையில் ஒரு விளக்கு மாட்டினால் போதுமே’ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளக்கின் முகம் 2.64 மீட்டரில். திறந்த கதவின் அடிப்பக்கம் 2.20 மீட்டரில். விளக்குக்கு 440 மி.மீ. கீழே 240 மி.மீ. அகலச் சந்து. அந்தச் சந்து வழியாக இறங்கும் வெளிச்சம் தரையை அடையும்போது ஒவ்வொரு பக்கமும் 0.72 மீ. தான் விரிந்திருக்கும். மொத்தம் 1.44 மீ. அகலப் பட்டை. இரண்டு வண்டிக்கு நடுவே நடைபாதை மட்டும் தெரியும். வண்டியின் மறுபக்கம் இருட்டுதான்.

ஆகவே முன்பகுதி விளக்குகள் திறந்த கதவைவிடக் கீழே வர வேண்டும். பக்கச் சுவர்களில், கிடைமட்ட டிராக்குக்குக் கீழே, மையம் தரையிலிருந்து 2.05 மீ. உயரத்தில், ஒவ்வொரு சுவரிலும் இரண்டு பேட்டன். 45 பாகை சாய்வான தாங்கியில் மாட்டினால் வெளிச்சம் வண்டியின் பக்கவாட்டிலும் தரையிலும் விழும், உள்ளே ஓட்டி வருபவரின் கண்ணில் அடிக்காது. நடுவில், 240 மி.மீ. சந்தில், விளக்கின் அடி 2.12 மீட்டரில் நிற்கும்படி ஸ்லாபிலிருந்து விறைப்பான தாங்கி இறக்கி இரண்டு பேட்டன். சங்கிலியில் தொங்கவிடக் கூடாது. காற்றில் ஆடும் விளக்கு ஒருநாள் ரோலருக்குள் போகும். 60 மி.மீ. அகல விளக்கு என்றால் இருபுறமும் 90 மி.மீ. இடைவெளி கிடைக்கும்; 75-க்குக் குறைய விட வேண்டாம். பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வண்டியாக இருந்தால், அதைத் திறந்து வைத்து அது எட்டும் உயரத்தையும் ஒருமுறை அளந்து பார்க்கவும். விளக்கில் இடிப்பதற்கு முன், திறந்த கராஜ் கதவில் இடிக்கிற வண்டிகளும் உண்டு.

விளக்குகள் கதவுக்குக் கீழே வந்ததால் இன்னொரு பலன். திறந்த கதவின் உட்பக்கம் கீழே பார்த்தபடி படுத்திருக்கிறது. அது வெள்ளையாக இருந்தால் பக்க விளக்கின் வெளிச்சத்தைத் திருப்பித் தரைக்கு அனுப்பும். கரும்பழுப்பாக இருந்தால் விழுங்கிவிடும். வெள்ளை அடிப்பதில் ஒரு எச்சரிக்கை மட்டும்: பெயின்டும் எடைதான், ஸ்பிரிங் கதவின் எடைக்கு ஏற்ப முறுக்கப்பட்டது. மெல்லிய இரண்டு கோட் அடித்துக் காய்ந்ததும் மோட்டாரை விடுவித்து, கதவைப் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கையை எடுக்கவும். அது அங்கேயே நின்றால் சமநிலை சரி. வேகமாக இறங்கினால் ஸ்பிரிங்கைச் சரிசெய்யக் கதவு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். கதவின் உட்பக்கம் தெர்மாகோல் பலகை ஒட்டுபவர்களுக்கும் இதே சோதனை. கதவின் மேலேயே விளக்கு ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். எடை ஒருபுறம், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் மடங்கும் வயர் மறுபுறம்.

சாமான்

மொத்தக் கூரை 39.7 சதுர மீட்டர். 1220 × 2440 மி.மீ., 12.5 மி.மீ. தடிமன் ஜிப்சம் போர்டு, வெட்டுச் சேதாரத்தோடு 15. இவற்றில் முன்சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கு மட்டும் ஈரம் தாங்கும் பச்சை நிற போர்டு 3 வாங்கவும். இரும்புக் கதவில் படியும் பனித்துளியும் சாரலும் அந்த ஒரு மீட்டரைத்தான் முதலில் கெடுக்கும். ஓரச் சேனல் 25.2 மீ.; 3.66 மீ. நீளத்தில் 7. குறுக்கு சேனல் 1200 மி.மீ. இடைவெளியில் 6 வரிசை, 12 நீளம். போர்டு பிடிக்கும் செக்‌ஷன் 450 மி.மீ. இடைவெளியில் 14 வரிசை, ஒட்டு மேல்படிவோடு 28 நீளம். தொங்கல் பட்டையும் ஆங்கரும் 36. போர்டு ஸ்க்ரூ 25 மி.மீ. ஒரு பெட்டி, 1000. காகித டேப் 75 மீ. ஒரு சுருள், ஒட்டுப் பூச்சு 20 கிலோ, பிரைமர் 4 லிட்டர், மேட் வெள்ளை 8 லிட்டர்.

இவற்றோடு, சீலிங் கணக்கில் சேராத ஆனால் மிக முக்கியமான சாமான்: 38 × 38 × 2 மி.மீ. துளையிட்ட இரும்பு ஆங்கிள் சுமார் 18 மீ., எம்8 எக்ஸ்பான்ஷன் ஆங்கர் 24, எம்8 போல்ட் நட் வாஷரோடு 40.

கதவு, மோட்டார், கூரை: மூன்றுக்கும் தனித்தனித் தாங்கல்

வேலையைத் தொடங்கும் முன் கதவுகளை மூடி, மோட்டார் பிளக்கைப் பிடுங்கி, மின்பெட்டியில் அதற்கான எம்.சி.பி.-யையும் (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) இறக்கிவிடவும். சாரம் அல்லது ஏணி கதவின் பாதையில் நிற்கும்போது யாரோ ரிமோட்டை அழுத்துவது கற்பனைப் பயம் அல்ல. ஸ்பிரிங் தண்டின் ஸ்க்ரூ, கதவின் அடியில் கேபிள் கட்டியிருக்கும் தாங்கி இவற்றைச் சீலிங் வேலைக்காரர் தொடவே கூடாது. அவை எப்போதும் முறுக்கத்தில் இருக்கின்றன, விடுபட்டால் எலும்பை உடைக்கும்.

டிராக்கின் பின்முனையைத் தாங்கும் ஹேங்கர்களையும் மோட்டார் ஹேங்கர்களையும் சீலிங் சட்டத்துக்கு முன்பே ஸ்லாபில் நேராக ஆங்கர் போட்டு முடிக்க வேண்டும். சீலிங் சேனல் அரை மி.மீ. தகடு, அது போர்டைத் தாங்கத்தான். ஒவ்வொரு டிராக்குக்கும் பின்முனையில் ஒன்று, நடுவில் ஒன்று. பின்முனை ஹேங்கருக்குக் குறுக்காக ஒரு சாய்வுத் துண்டு போட்டு முக்கோணமாக்கவும். இல்லாவிட்டால் கதவு நிற்கும் ஒவ்வொரு முறையும் டிராக் முன்னும் பின்னும் ஆடும். மோட்டாருக்கு இரண்டு கால், அதிலும் ஒரு சாய்வுத் துண்டு, போல்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் வாஷர். நடு வரிசை விளக்குத் தாங்கிகளுக்குத் தனி ஆங்கர். டிராக் ஹேங்கரில் விளக்கைக் கட்டினால் ஒரு ஆங்கர் மிச்சம், ஆனால் தினசரி அதிர்வில் விளக்கின் ஸ்க்ரூ தளரும், உள்ளே வயர் இணைப்பு விடும், விளக்கு மினுக்கும். ஸ்லாபுக்குப் பதில் மரச் சட்டக் கூரை என்றால், ஹேங்கர்கள் சட்டத்தின் நடு மரத்தில் இறங்கும் கனமான ஸ்க்ரூவில் நிற்க வேண்டும். முக்கோண டிரஸ்ஸின் கீழ்க்கட்டைக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்காமல் கூரையும் மோட்டாரும் சேர்த்துத் தொங்கவிடக் கூடாது. 39.7 சதுர மீட்டர் போர்டு மட்டுமே ஏறத்தாழ 340 கிலோ.

அடுத்து வயரிங். விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. வயர், மோட்டார் பிளக் பாயிண்டுக்கு 2.5. மோட்டார் ஒவ்வொன்றுக்கும் அதன் கயிற்று வயர் எட்டும் ஒரு மீட்டருக்குள், சீலிங்கிலேயே ஒரு பிளக் பாயிண்ட்; எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவே கூடாது. மோட்டார் பாயிண்டுகள் தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) வழியாக. விளக்குகள் மூன்று சர்க்யூட்: முன்பகுதி 120 வாட், பின்பகுதி 180, மேசை 40. வாசல் சென்சர் கண்ணுக்கும் சுவர் பொத்தானுக்கும் போகும் மெல்லிய வயர்களைத் தனிப் பைப்பில் கொண்டுபோகவும்; மின்சார வயரோடு ஒரே பைப்பில் போட்டால் பாதுகாப்பும் கெடும், சமிக்ஞையும் கெடும். ஜங்ஷன் பாக்ஸ்கள் எல்லாம் பின்பகுதியில் ஒரே இடத்தில் கூடட்டும். அங்கே 450 × 450 மி.மீ. திறப்பு மூடி. கதவின் நிழலுக்கு மேலே மூடி வைத்தால், கதவு திறந்திருக்கும்போது பழுது வந்தால் கை போகாது.

பிறகுதான் சட்டம். மட்டக்குழாயிலோ லேசரிலோ 2.70 மீட்டருக்குச் சுற்றிலும் நூல் அடித்து ஓரச் சேனல். தரை வாசலை நோக்கிச் சரிவாக இருக்கும் என்பதால் உயரத்தைத் தரையிலிருந்து அங்கங்கே அளக்காமல், வாசலின் மேல்விளிம்பிலிருந்து எடுத்து, அதையே எல்லாச் சுவருக்கும் கடத்தவும். குறுக்கு சேனல் அகலவாட்டில், செக்‌ஷன் ஆழவாட்டில், போர்டு மறுபடி அகலவாட்டில். பின்பகுதியில் விளக்கு வரும் ஒவ்வொரு இடத்திலும் செக்‌ஷன்களுக்கு மேலே 12 மி.மீ. பிளைவுட் துண்டு திருகி வைக்கவும்; போர்டில் மட்டும் பிளக் அடித்து மாட்டிய பேட்டன் ஓராண்டில் சாய்ந்து தொங்கும். பிளைவுட் வைத்த இடங்களை எல்லாம் சுவரிலிருந்து அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டு ஒவ்வொன்றும் 25 கிலோ. இரண்டு பேரும் ஒரு தூக்கு மேசையும் வேண்டும். ஸ்க்ரூ இடைவெளி நடுவில் 230 மி.மீ., முனைகளில் 150. ஸ்க்ரூத் தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகப் பதிய வேண்டும். கிழித்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போடவும். முனை ஒட்டுகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைக்கவும். சுவரோரம் 3 முதல் 6 மி.மீ. விடவும்.

இங்கே தவறவிடக் கூடாத ஒரு நுணுக்கம்: ஸ்லாபிலிருந்து போர்டைத் துளைத்துக் கீழே வரும் ஒவ்வொரு ஆங்கிளைச் சுற்றியும் 10 மி.மீ. இடைவெளி விட்டு போர்டை வெட்ட வேண்டும். பட்டிப் பூச்சால் இறுக்கி அடைத்துவிட்டால் கதவின் அதிர்வு கூரைக்கு ஏறும். மோட்டார் ஹேங்கரிலிருந்து நூல்போல விரிசல் கிளம்பி, பக்கத்து ஒட்டுவரை ஓடும். எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். இடைவெளியில் மென்மையான நுரைத் துண்டு திணித்து, மேலே அக்ரிலிக் சீலன்ட் போட்டால் போதும். பார்வைக்கு வேண்டுமானால் ஆங்கிளைத் தொடாத மூடித் தகடு ஒட்டலாம். மேலே குடியிருக்கும் அறை இருந்தால் கதை வேறு: தீ தாங்கும் தடித்த போர்டும், துளைகளுக்குத் தீ தாங்கும் சீலன்ட்டும் தேவைப்படும், கூரையைத் துளைத்துப் பதிக்கும் விளக்குகளைத் தவிர்க்க வேண்டும். அதற்குரிய கட்டட விதியைப் பார்த்த பிறகே போர்டு வாங்கவும்.

ஒட்டுக்கு டேப்போடு மூன்று கோட். ஒவ்வொன்றும் முழுதாகக் காய வேண்டும். பிரைமர் ஒன்று, மேட் வெள்ளை இரண்டு. பளபளப்பு பெயின்ட் அடித்தால் ஒவ்வொரு ஒட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும்.

சென்சர், ஸ்விட்ச்

முன்பகுதி சர்க்யூட்டை உடல் வெப்பம் உணரும் பி.ஐ.ஆர். சென்சரில் விடலாம், இருட்டில் வண்டியோடு வந்து நிற்கும்போது கைக்கு ஸ்விட்ச் எட்டாது. சென்சரைக் கதவுக்கு மேலே கூரையில் வைத்தால் திறந்த கதவு அதன் கண்ணை மறைத்துவிடும். முன்சுவரிலிருந்து 3.4 மீ. தள்ளி, நடு வரிசை விளக்குக்குச் சற்றே பக்கத்தில், வாசலை நோக்கி வைப்பதே சரி. மைக்ரோவேவ் வகை சென்சரை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்: அசையும் இரும்புக் கதவையும், போர்டுக்கு மேலே குழாயில் ஓடும் தண்ணீரையும் ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

சென்சரின் தாங்குதிறனில் பலர் ஏமாறுவார்கள். பெட்டியில் 1000 வாட் என்று பெரிதாக இருக்கும். அது பழைய இழை பல்புக்கு. எல்.இ.டி.க்கு என்று தனியாக, மிகக் குறைவாக எழுதியிருப்பார்கள். எல்.இ.டி. டிரைவர்கள் (விளக்குக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றுகள்) எரியும் கணத்தில் ஒரு நொடித் துளிக்குப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; அதில் சென்சருக்குள் விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையவே அணையாது. அதே காரணத்தால்தான் மொத்தம் ஒன்றரை ஆம்பியர் சுமையிலும் சில வீடுகளில் எம்.சி.பி. விழுகிறது. அங்கே பி வகைக்குப் பதில், அந்தக் கண நேர இழுப்பைத் தாங்கும் சி வகை எம்.சி.பி. அல்லது விளக்குகளை இன்னும் பிரிப்பது தீர்வு. ஆம்பியரைக் கூட்டுவது அல்ல. பின்பகுதி விளக்கைச் சென்சரில் போடவே வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் அசையாமல் வேலை செய்வார், விளக்கு அணைந்துவிடும். வீட்டு வாசலிலும் பக்கக் கதவிலும் இருவழி ஸ்விட்ச்.

மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்

விளக்கு எரியும்போது மட்டும் ரிமோட் பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறது என்றால், குற்றவாளி விளக்கின் டிரைவர். ரிமோட்டுகள் 315, 390, 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் பேசுகின்றன. வடிகட்டி இல்லாத மலிவு டிரைவர் அங்கே இரைச்சல் கிளப்பும். எல்லா விளக்கையும் அணைத்து ரிமோட் எட்டும் தூரத்தைப் பார்க்கவும், பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும். எது கெடுக்கிறதோ அதை மாற்றவும். மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் பல்பையும் மறக்க வேண்டாம், ஆண்டெனாவுக்கு மிக நெருக்கம் அதுதான். மோட்டாரின் ஆண்டெனா வயர் நேராகக் கீழே தொங்க வேண்டும். கூரை வேலையின்போது ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று அதைச் சுருட்டி போர்டுக்கு மேலே தள்ளிவிடுவார்கள். அதன்பின் நல்ல விளக்கிலும் ரிமோட் தடுமாறும். அதேபோல மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்க இழுக்கும், மோட்டாரிலிருந்து தொங்கும் கயிற்றின் கைப்பிடி தரையிலிருந்து 1.8 மீ. உயரத்தில், எந்த விளக்கிலும் சிக்காமல் இருக்க வேண்டும்.

கதவு பாதியில் நின்று திரும்பிப் போனால் புதிய விளக்கைக் குறை சொல்வதற்கு முன் வாசலின் அடியில், தரையிலிருந்து 150 மி.மீ.க்குள் இருக்கும் சென்சர் கண்களைத் துடைக்கவும். சீலிங் வேலையின் ஜிப்சம் தூசி அங்கேதான் படியும். காலை அல்லது மாலை வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் மட்டும் இந்தக் கோளாறு வந்தால், கதிரைப் பெறும் கண்ணை நிழல் பக்கத்துக்கு மாற்றவும்.

கடைசியில், இரண்டு கதவையும் முழுதாகத் திறந்து, இரவில், ஒரு மீட்டர் கட்டமாகத் தரையில் லக்ஸ் மீட்டர் வைத்து அளக்கவும். போன் செயலி ஒப்பிட்டுப் பார்க்க உதவும், எண்ணை நம்ப உதவாது. கதவின் நிழலுக்கு நடுவில் கிடைக்கும் அளவு, ஓரத்தில் கிடைப்பதில் பாதிக்குக் குறைந்தால், பக்கச் சுவர் விளக்கின் சாய்வை 45-லிருந்து 30 பாகைக்குத் தளர்த்தி, வெளிச்சம் இன்னும் கிடையாகப் போகும்படி திருப்பவும். கதவின் வெள்ளை உட்பக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு மாதம் கதவு ஓடிய பிறகு, டிராக், மோட்டார், நடு விளக்குத் தாங்கி மூன்றின் போல்டுகளையும் ஸ்பானரால் ஒருமுறை இறுக்கி, ஒவ்வொரு நட்டின் மீதும் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைக்கவும். அடுத்த முறை அண்ணாந்து பார்த்தாலே எது தளர்ந்தது என்று கோடு காட்டிக்கொடுக்கும்.